கஸ்டம் கிட்டாருக்கு நெக் வடிவமும் ஃப்ரெட்போர்டு ரேடியஸும் எப்படி முடிவு செய்வது?

கேள்வி சுருக்கமாக: ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) பாணியில் ஒரு எலக்ட்ரிக் கிட்டாரைத் தனியாகக் கட்டக் கொடுத்திருக்கிறீர்கள். 648 மி.மீ. ஸ்கேல் (நெக்கின் தலைமுனையில் கம்பி உட்காரும் நட்டிலிருந்து பாடியில் உள்ள பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம்), 22 ஃப்ரெட் (போர்டின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகள்). இப்போது கையில் இருப்பது பழைய பாணி 7.25 இஞ்ச் ரேடியஸ் நெக். அதில் 15ஆவது ஃப்ரெட்டில் முதல் கம்பியை (மிக மெல்லியது) பெண்ட் செய்தால், அதாவது பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றினால், சத்தம் பாதியிலேயே செத்துப்போகிறது. கட்டைவிரல் நெக்குக்கு மேலே எட்டிப் பார்க்கும்படி பிடிக்கிற பழக்கம், கையும் சிறியது. மெல்லிய நெக் கேட்கலாமா, ரேடியஸை ஒரேயடியாக 16 இஞ்ச் ஆக்கிவிட்டால் தொல்லை தீருமா?

இவை இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் பதில் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. நெக்கின் முதுகு எப்படி இருக்க வேண்டும் என்பதை உங்கள் கட்டைவிரல்தான் சொல்லும். முன்பக்க வளைவை விரலிடம் கேட்பதைவிடப் பிரிட்ஜிடம் கேட்பது நல்லது. ரேடியஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும்.

7.25 இஞ்ச் என்றால், 184 மி.மீ. ஆரமுள்ள ஓர் உருளையிலிருந்து வெட்டியெடுத்த துண்டு மாதிரி ஃப்ரெட்போர்டின் மேற்பரப்பு இருக்கிறது என்று பொருள். எண் சிறிதானால் வளைவு அதிகம், பெரிதானால் தட்டை. கிட்டார் நிறுவனங்களை எடுத்துக்கொண்டால், பழைய ஃபெண்டர்கள் 7.25, இன்றைய ஃபெண்டர்களில் பெரும்பாலானவை 9.5, பி.ஆர்.எஸ். 10, கிப்சன் 12 இஞ்ச். ஐபனேஸின் வேகமான நெக்குகளில் 400 அல்லது 430 மி.மீ., அதாவது ஏறத்தாழ 16, 17 இஞ்ச்.

பெண்ட் ஏன் செத்துப்போகிறது? பிரிட்ஜில் முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் இடைவெளி 52 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்டின் வளைவையே சேடில்களும் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சிறு துண்டுகள்) பின்பற்றும்போது, நடு உச்சியைவிட ஓரக் கம்பியின் சேடில் தாழ்ந்து நிற்கும். 7.25 இஞ்ச் ரேடியஸில் இந்தத் தாழ்வு சுமார் 1.85 மி.மீ., 9.5இல் 1.4, 12இல் 1.1, 16இல் 0.83. இப்போது 15ஆவது ஃப்ரெட்டில் முதல் கம்பியை நடுவை நோக்கி 11 மி.மீ. தள்ளுகிறீர்கள். விரல் இருக்கிற முனை வளைவில் மேலே ஏறுகிறது. சேடில் முனை கீழேயே நிற்கிறது. 7.25இல் ஏறும் உயரம் ஏறக்குறைய 1 மி.மீ., 12இல் 0.6, 16இல் 0.46. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இழுத்துக் கட்டிய கயிறு வழியிலுள்ள மேட்டையெல்லாம் உரசும் அல்லவா? அதுபோலக் கம்பி 16 முதல் 22 வரையுள்ள ஃப்ரெட்டுகளில் ஏதாவது ஒன்றில் போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆக்‌ஷனை (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தை) உயர்த்தினால் தப்பிக்கலாம், ஆனால் விலை கொடுக்க வேண்டும். ஃபெண்டர் நிறுவனம் 17ஆவது ஃப்ரெட்டில் பரிந்துரைக்கும் உயரங்களிலேயே இது தெரியும். 7.25 ரேடியஸுக்கு ஆறாவது கம்பி 2 மி.மீ., முதல் கம்பி 1.6. 9.5 முதல் 12 வரை இரண்டுமே 1.6. 15 முதல் 17 வரை ஆறாவது 1.6, முதல் கம்பி 1.2.

ஆனால் குற்றத்தை ரேடியஸ் மேல் போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் சத்தம் சாகிறது, பக்கத்தில் சரியாக இருக்கிறது என்றால், அதற்கு மேலே ஏதோ ஒரு ஃப்ரெட் எழும்பி நிற்கிறது. மூன்று ஃப்ரெட்டைத் தொடும் சிறிய நேர்விளிம்பை வைத்து ஆட்டிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். 12 முதல் 17 வரை எங்கே இழுத்தாலும் சாகிறது, இழுக்க இழுக்க மோசமாகிறது என்றால் ரேடியஸ்தான். மூன்றாவது சாத்தியம், நெக் பாடியோடு சேரும் இடத்தில் போர்டு மேல்நோக்கித் தூக்கியிருப்பது. ரிலீஃப் (நெக்கின் நீளவாக்கில் விடும் லேசான குழிவு) அதிகமாக இருக்கும் நெக்கில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். இந்த மூன்றாவது நோய்க்கு எவ்வளவு தட்டையான ரேடியஸும் மருந்தாகாது. புதிய நெக்கில் 15ஆவது ஃப்ரெட்டிலிருந்து கடைசி வரை 0.1 முதல் 0.3 மி.மீ. வரை மெல்லச் சரிய விடும்படி கட்டுபவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பழைய கிட்டாரையும் காப்பாற்ற நினைத்தால் ஒரு எச்சரிக்கை: ஃப்ரெட்டின் தலையை மட்டும் தேய்த்து 7.25ஐ மேல் பகுதியில் 9.5 ஆக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 22ஆவது ஃப்ரெட்டில் அதற்கு நடுப்பகுதியில் 0.4 முதல் 0.5 மி.மீ. வரை போக வேண்டும். பழைய பாணி ஃப்ரெட்டின் மொத்த உயரமே 1.1 மி.மீ.தான். பாதி ஃப்ரெட் காணாமல் போய்விடும். புது ஃப்ரெட் போடும் சமயத்தில் போர்டையே தேய்ப்பதுதான் முறை.

இனி, கார்ட் பிடிக்க வளைந்த போர்டு வசதி, தட்டை போர்டு கஷ்டம் என்ற பேச்சு. இதில் உண்மை உண்டு, ஆனால் சொல்லப்படுகிற அளவுக்கு இல்லை. நட்டில் ஓரக் கம்பிகள் இரண்டும் 35 மி.மீ. இடைவெளியில் இருக்கின்றன. அங்கே 9.5க்கும் 12க்கும் ஓரக் கம்பியின் உயர வித்தியாசம் 0.13 மி.மீ., ஒரு தாளின் தடிமனைவிடச் சற்று அதிகம். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் பலரால் சொல்ல முடியாது. 7.25க்கும் 16க்கும் வித்தியாசம் 0.45 மி.மீ. வருகிறது, போர்டின் விளிம்பில் அது கிட்டத்தட்ட 0.7. அது கைக்குத் தெரியும், குறிப்பாகக் கட்டைவிரலால் ஆறாவது கம்பியை அமுக்குபவர்களுக்கு. அதனால் உங்களுக்கு 16 நேர் ரேடியஸ் வேண்டாம். 15ஆவது ஃப்ரெட் சரியாகும், முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் பழகிய பிடி போய்விடும்.

உங்களுக்குப் பொருந்துவது காம்பவுண்ட் ரேடியஸ். நட்டருகே வளைவு கூடவும், மேலே போகப் போகத் தட்டையாகவும் இருப்பது. இதை ஏதோ ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். கம்பிகள் இணையாக ஓடுவதில்லை, நட்டில் 35 மி.மீ., பிரிட்ஜில் 52 மி.மீ. என்று விரிந்துகொண்டே போகின்றன. விரியும் கம்பிகளுக்கு இயல்பாகப் பொருந்துவது கூம்புதான், உருளை அல்ல. 52ஐ 35ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.5. அப்படியென்றால் நட்டில் 10 இஞ்ச் என்று தொடங்கும் கூம்பு பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் 15 இஞ்ச் ஆகியிருக்க வேண்டும். சந்தையில் புழங்கும் 10–16 காம்பவுண்ட் அதைவிடவும் வேகமாகத் தட்டையாகிறது. பெரிய பெண்ட்டுக்கு அது கூடுதல் இடம் தரும், கெடுதல் இல்லை.

காம்பவுண்ட் நெக் வாங்குபவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 10–16 என்றால் 16 என்பது போர்டு முடியும் இடத்தின் அளவு, பிரிட்ஜின் அளவு அல்ல. 648 ஸ்கேலில் நட்டிலிருந்து 22ஆவது ஃப்ரெட் 466 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பிரிட்ஜ் இன்னும் 182 மி.மீ. தள்ளி. அதே விகிதத்தில் நீட்டினால் சேடில்கள் நிற்க வேண்டிய ரேடியஸ் 18 இஞ்ச் பக்கம் வரும். சேடில்களை 12க்கோ 16க்கோ வைத்துவிட்டு, நடுக் கம்பிகள் மட்டும் உயரமாக இருக்கின்றன என்று நெக்கைக் குறை சொல்வது வழக்கமாக நடக்கிறது.

இதனால்தான் பிரிட்ஜை முதலில் முடிவு செய்யச் சொல்கிறேன். ஆறு சேடில்களும் தனித்தனியாக ஏறி இறங்கும் ஸ்ட்ராட் வகைப் பிரிட்ஜ் என்றால் எந்த ரேடியஸுக்கும் ஒத்துப்போகும். ட்யூன்-ஓ-மேட்டிக் வகை (கிப்சன் பாணிப் பிரிட்ஜ்) 12 இஞ்ச் வளைவோடு வார்க்கப்பட்டது. 16 இஞ்ச் போர்டுக்கு நடுச் சேடில்களின் பள்ளத்தை 0.28 மி.மீ. அளவுக்கு ஆழமாக்கினால் போதும். 7.25க்கு ஓரச் சேடில்களை 0.7 மி.மீ. வெட்ட வேண்டியிருக்கும். அவ்வளவு ஆழத்தில் கம்பி பள்ளத்துக்குள் அமுங்கிப் போகும், அந்த ஜோடியே வேண்டாம். ஃப்ளாய்ட் ரோஸ் (கம்பிகளை இரு முனையிலும் பூட்டும் ட்ரெமலோ பிரிட்ஜ்) போடுவதாக இருந்தால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். சேடில்கள் 12 இஞ்ச் வளைவில் வருகின்றன, பூட்டும் நட் 10 இஞ்ச். 16 இஞ்ச் நேர் ரேடியஸ் நெக்கில் அந்த நட்டைப் பொருத்தினால் நடுக் கம்பிகள் 0.2 மி.மீ. தூக்கி நிற்கும். நட் பக்கத்தில் 0.2 என்பது முதல் ஃப்ரெட்டில் சுருதி விலகும் அளவு. எலும்பு நட் மாதிரி அரத்தை வைத்து ராவிவிட முடியாது, கடினப்படுத்திய எஃகு. நட்டில் 10 இஞ்சில் தொடங்கும் காம்பவுண்ட் என்றால் நட் அப்படியே பொருந்தும். பிரிட்ஜ் பக்கத்தில் மட்டும் 1, 6 சேடில்களுக்கு அடியில் 0.35 மி.மீ., 2, 5க்கு அடியில் 0.1 மி.மீ. தகடு வைத்தால் 12 இஞ்ச் வளைவு 18ஐ நெருங்கிவிடும்.

கர்நாடக இசைக்கு எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. வீணையில் மெட்டின் மேல் கம்பியை இழுத்து எடுக்கிற மாதிரி, ஒரே ஃப்ரெட்டில் மூன்று நான்கு அரைச் சுரங்கள் இழுத்துக் கமகம் எடுப்பதாக இருந்தால், மேற்சொன்ன கணக்கெல்லாம் இரட்டிப்பாகும். அங்கே 16க்குக் குறையாமல் கேட்பதுதான் சரி. ஃப்ரெட்டுகளுக்கு நடுவே போர்டைக் குடைந்துவிட்டால் இழுப்பது எளிது என்று ஸ்காலப் செய்யச் சொல்வார்கள். கர்நாடக, இந்துஸ்தானி இசையை ஜாஸோடு இணைத்த சக்தி குழுவில் ஜான் மெக்லாக்லின் வாசித்த கிட்டார் அப்படிக் குடையப்பட்டதுதான். விரலுக்குப் பிடிமானம் கிடைக்கும், உண்மை. ஆனால் கம்பி உரசுவது ஃப்ரெட்டின் தலையில். தலைகள் எந்த வளைவில் நிற்கின்றனவோ அதே வளைவுதான் நீடிக்கும். 7.25 போர்டைக் குடைந்தாலும் பெண்ட் அதே இடத்தில் சாகும்.

போர்டின் தடிமனையும் ரேடியஸோடு சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். நடுவில் 6 மி.மீ. இருக்கும் போர்டு, 56 மி.மீ. அகலமுள்ள கடைசி ஃப்ரெட் பக்கத்தில், 7.25 ரேடியஸுக்கு விளிம்பில் 3.9 மி.மீ. ஆகிவிடும். தட்டையாக இருக்கும்போதே ஃப்ரெட் பள்ளத்தை ஒரே ஆழத்தில் அறுத்துவிட்டுப் பிறகு வளைவு போட்டால் ஓரத்தில் பள்ளம் ஆழமில்லாமல் போகும். ஃப்ரெட்டின் கால் முழுசாக இறங்காது, சில மாதங்களில் முனை எழும்பும். வளைவு போட்ட பிறகு ஓரங்களில் ஆழத்தை மறுபடி பார்ப்பது கட்டுபவரின் வேலை. கேட்டு வைப்பது உங்கள் வேலை.

இனி முதுகுப் பக்கம்.

சி, டி, யு, வி என்ற எழுத்துகள் நெக்கை குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவத்தைச் சொல்கின்றன. சி பொதுவான வட்ட முதுகு. டி நடுவில் தட்டை, ஓரத்தில் சதை. யு உயரமான தோள்கள் உள்ள கனமான நெக். வி நடுவில் முதுகெலும்பு மாதிரி முனை உள்ளது. மென்மையான வி, கூர்மையான வி என்று அதிலேயே பிரிவு உண்டு. இவை எதற்கும் பொது அளவு கிடையாது. ஒரு பட்டறையின் சி இன்னொரு பட்டறையின் டி ஆக இருக்கலாம். எழுத்தை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுப்பது, துணிக்கடையில் ‘நடுத்தர அளவு’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது போலத்தான்.

அடுத்ததாக எல்லோரும் பிடித்துக்கொள்வது தடிமன் எண்கள். முதல் ஃப்ரெட்டிலும் 12ஆவது ஃப்ரெட்டிலும், ஃப்ரெட் உயரத்தைச் சேர்க்காமல், காலிப்பரால் எடுப்பது. ஐபனேஸ் விஸார்ட் III 19 மி.மீ., 21 மி.மீ. கிப்சனின் ’60 மெல்லிய வகை சுமார் 20.3, 22.2. ஃபெண்டரின் மாடர்ன் சி சுமார் 20.8, 23.4. கிப்சனின் ’59 வகை சுமார் 22.9, 25.4. ஒப்பிட இவை உதவும், ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன. கை உணர்வது நடுத் தடிமனை மட்டுமல்ல, விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே இருக்கும் தோளையும்தான். இரண்டு நெக்கும் 21 மி.மீ. இருக்கலாம். ஒன்றில் தோளைச் சீவியிருப்பார்கள், அது மெல்லியதாகத் தோன்றும். மற்றதில் தோள் நிறைந்திருக்கும், அது கட்டை போலத் தோன்றும். ‘21 மி.மீ. கேட்டேன், தடியாகக் கொடுத்துவிட்டார்’ என்ற சண்டைகளில் பாதி தோளைப் பற்றிப் பேசாததால் வருபவை.

சிறிய கைக்கு மெல்லிய நெக் என்பது நான் ஒப்புக்கொள்ளாத விதி. கட்டைவிரலை நெக்கின் பின்னால் நடுவில் ஊன்றி, மணிக்கட்டை வெளியே தள்ளி வாசிப்பவர்களுக்கு மெல்லிய, தட்டையான டி நன்றாக வேலை செய்யும். விரல்கள் நீளமாக எட்டும். உங்கள் பிடி அதுவல்ல. கட்டைவிரல் மேலே வருகிற பிடியில் நெக் உள்ளங்கையின் அடியிலும் கட்டைவிரலின் வேரிலும் உட்கார வேண்டும். நெக் மெல்லியதாக இருந்தால் அங்கே வெற்றிடம் விழும், அதை நிரப்பக் கை இடுக்கிப் பிடிக்கும். அரை மணி நேரத்தில் கட்டைவிரலின் அடி மூட்டு வலிப்பது பெரும்பாலும் இதனால்தான். சிறிய கைக்கு உதவுவது தோளைக் குறைப்பதும் நட் அகலத்தைக் கவனிப்பதும். 43 மி.மீ.யிலிருந்து 42க்கு இறங்கினால் கட்டைவிரல் எட்டுவதில் தெரியும். ஆனால் கம்பிகளுக்கு நடுவே விரல் வைக்கும் இடமும் அந்த அளவுக்குக் குறையும்.

உங்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது: முதல் ஃப்ரெட்டில் 21.3, 12ஆவதில் 23.4 மி.மீ., முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில் மென்மையான வி, ஏழாவது ஃப்ரெட்டுக்குள் சி ஆக மாறுவது. மேலே எட்டும் கட்டைவிரலுக்கு வியின் இரு சரிவுகளும் இடம் கொடுக்கும். தனி வாசிக்க மேலே போகும்போது கட்டைவிரல் தானாகப் பின்னால் இறங்கும், அங்கே முதுகெலும்பு இருந்தால் குத்தும், அதனால் சி. இன்னொரு வழி, ஆறாவது கம்பிப் பக்கம் தோள் நிறைந்தும் முதல் கம்பிப் பக்கம் சீவியும் இருக்கும் சமச்சீரற்ற நெக். எடி வான் ஹேலனுக்காக மியூசிக் மேன் செய்தது அந்த வகை. கையால் செதுக்குபவருக்கு இது கடினமில்லை, ஆனால் வாசித்துப் பார்க்காமல் கேட்காதீர்கள்.

மெல்லியதாகவே வேண்டும் என்று அடம்பிடித்தால் ஒரு கூட்டல் கணக்கு. போர்டு 6 மி.மீ., ட்ரஸ் ராட் (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) பள்ளம் ராடின் வகையைப் பொறுத்து 9.5 முதல் 11 மி.மீ., அதற்குக் கீழே குறைந்தது 3 மி.மீ. மரம். மொத்தம் 18.5 முதல் 20. இதற்குக் கீழே போனால் ராடை இறுக்கும்போது முதுகில் வீக்கம் தெரியும், மோசமான நாளில் பிளவே விழும். மெல்லிய நெக் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அதிகம் அசையும். குவார்ட்டர்சான் (ரேகை செங்குத்தாக நிற்கும்படி அறுத்த) மேப்பிள், பல துண்டு ஒட்டு, கார்பன் ஃபைபர் கம்பிகள் எல்லாம் அதைக் குறைக்கத்தான். பருவத்துக்குப் பருவம் திருப்ப வேண்டி வரும் என்பதால், ராடின் திருகு ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) பக்கம் இருக்கட்டும். நெக்கைக் கழற்றித் திருப்பும் பழைய ஏற்பாடு மெல்லிய நெக்குக்குத் தண்டனை.

பிடித்த நெக் ஒன்று எங்காவது இருந்தால், எழுத்தும் எண்ணும் வேண்டாம், அதை நகலெடுங்கள். தச்சர்கள் வைத்திருக்கும் ஊசிச் சீப்பு போன்ற வடிவமானியை, கம்பியைத் தளர்த்திவிட்டு, 1, 5, 9, 12 ஆகிய ஃப்ரெட்டுகளில் முதுகில் அழுத்தி எடுக்கலாம். கீறல் விழாமல் இருக்க நடுவே மெல்லிய தாள் வையுங்கள். அந்தக் கோட்டைக் கெட்டி அட்டையில் வரைந்து, ஒவ்வொன்றிலும் நடுத் தடிமனையும் அகலத்தையும் எழுதி, எது ஆறாவது கம்பிப் பக்கம் என்று குறித்து அனுப்புங்கள். 12க்கு மேல் எடுக்க வேண்டாம், சில நெக்குகளில் அங்கேயே ஹீல் (நெக் பாடியோடு சேரும் அடிப்பகுதி) தடிக்கத் தொடங்கிவிடும், அளவு ஏமாற்றும். முடிந்தால் முதலில் அரை மி.மீ. கூடுதலாகச் செதுக்கி, பூச்சுப் போடுவதற்கு முன் கம்பி மாட்டி உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அரை மி.மீ. கைக்கு நன்றாகத் தெரியும். மரத்தைச் சீவிவிட முடியும், ஒட்ட முடியாது. ஒப்பந்தத்தில் எழுதும் எண்கள் பூச்சுக்குப் பிந்தைய அளவுகள் என்பதையும், 0.3 மி.மீ. கூடக் குறைய இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது.

விளிம்பு விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். பல வருடம் வாசித்துத் தேய்ந்த மாதிரி உருட்டிய விளிம்பு கைக்கு இதம்தான், ஆனால் அது ஃப்ரெட்டின் நீளத்தைத் தின்கிறது. பிரிட்ஜில் 52 மி.மீ. இடைவெளி இருந்தால் 22ஆவது ஃப்ரெட்டில் முதல் கம்பிக்கு வெளியே சுமார் 4 மி.மீ. மிஞ்சும். பழைய ஸ்ட்ராட் பிரிட்ஜின் 56.4 மி.மீ. என்றால் 2.6தான். ஃப்ரெட் முனையை 30 டிகிரி சரித்தால் அதில் இன்னும் 0.8 போய்விடும். அதற்கு மேல் விளிம்பையும் தாராளமாக உருட்டினால், வைப்ராட்டோ செய்யும்போது கம்பி போர்டிலிருந்து வழுக்கி விழும். அதற்குப் பிறகு நெக்கை மாற்றுவதைத் தவிர வழி குறைவு. 52 மி.மீ. பிரிட்ஜ் எடுத்துக்கொண்டு, உருட்டலை லேசாக வையுங்கள்.

ஃப்ரெட் கம்பி 6105 வகை, அகலம் 2.3, உயரம் 1.4 மி.மீ. பெண்ட்டுக்குப் பிடிமானம் தரும், பிற்காலத்தில் இரண்டு மூன்று முறை சமன் செய்யவும் உயரம் மிஞ்சும். ஃப்ரெட் கம்பியைப் போர்டின் ரேடியஸைவிட ஓரிரு இஞ்ச் குறைவாக முன்கூட்டியே வளைத்துத்தான் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் முனைகள் தூக்கும். ஸ்டெயின்லெஸ் என்றால் இன்னும் பிடிவாதமாகத் தூக்கும். காம்பவுண்ட் போர்டில் நட் பக்க ஃப்ரெட்டுக்கும் ஹீல் பக்க ஃப்ரெட்டுக்கும் ஒரே வளைவு ஆகாது. சமன் செய்யும்போது நீளமான நேர்கட்டையைக் கம்பிகள் போகும் வழியிலேயே ஓட்ட வேண்டும். உருளை ரேடியஸுக்கான குழிவான கட்டையை மேலும் கீழும் தேய்த்தால், காசு கொடுத்து வாங்கிய கூம்பு ஃப்ரெட் தலைகளில் அழிந்துபோகும்.

கிட்டார் கைக்கு வந்ததும் ரேடியஸ் கேஜை முதல் ஃப்ரெட்டிலும் 22ஆவதிலும் வைத்துப் பாருங்கள், உங்களுக்கு 10உம் 16உம் வர வேண்டும். 7ஆவது ஃப்ரெட் பக்கம் ரிலீஃப் 0.2 முதல் 0.25 மி.மீ. 17ஆவது ஃப்ரெட்டில் முதல் கம்பி 1.4 மி.மீ.யில் வைத்து, 12 முதல் 19 வரை முதல் இரண்டு கம்பிகளையும் ஒன்றரைச் சுரம் இழுத்து நான்கு விநாடி நிறுத்துங்கள். எங்காவது சத்தம் செத்தால், ஃப்ரெட்டைத் தொடுவதற்கு முன் சேடில்களின் வளைவை அளந்து பாருங்கள். தொழிற்சாலை 9.5க்கு வைத்து அனுப்பிய பிரிட்ஜை அப்படியே மாட்டியிருந்தால், ஓரச் சேடில்கள் 0.65 மி.மீ. தாழ்ந்து கிடக்கும். ஒரு சிறிய ஆலன் சாவி, பத்து நிமிட வேலை.